பித்தப்பை, பித்தநாள ஸ்கேன்: கழுத்து முதல் கீழ்முனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பித்தப்பையில் கல்லைக் கண்டுபிடிப்பது ஸ்கேன் அறையில் சீக்கிரமே கைவந்துவிடும். வெறும் வயிற்றோடு வந்தவருக்குக் கல் இருந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கல் நழுவிப் பித்தநாளத்துக்குள் விழுந்துவிட்டால், அதே மெஷினில் அதே டாக்டர் பார்த்தாலும் கணிசமான பேருக்குத் தவறிப்போகிறது. பித்தப்பையின் கழுத்து, பித்தநாளத்தின் கீழ்முனை ஆகிய இரண்டு மூலைகளில்தான் நோய் ஒளிந்துகொள்கிறது. அந்த இரண்டையும் பார்க்காமல் ப்ரோபை (உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கைக்கருவியை) கீழே வைக்காதீர்கள் என்பதுதான் இதில் நான் வலியுறுத்த விரும்புவது.

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் புதிதாக ஸ்கேன் பார்க்கத் தொடங்கும் இளம் டாக்டர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வயிற்று வலிக்கு ஸ்கேன் எழுதி வாங்கியவர்கள் படித்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும்.

பட்டினியைத் தோண்டிக் கேளுங்கள்

ஆறு முதல் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். இதை ரிசப்ஷனிலேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்று பதில் வரும். அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்: "டீ, காபி?" "டீ மட்டுந்தானுங்க குடிச்சேன்."

நம் பக்கத்தில் பேக்கரி டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. பித்தப்பைக்கு அது சாப்பாடுதான். பாலில் உள்ள கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பித்தப்பை சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளுகிறது. சுருங்கிய பையில் சுவர் தடிப்பாகத் தெரியும், உள்ளே இருக்கும் சின்னக் கல் மடிப்புக்குள் மறைந்துவிடும். அதைப் பார்த்து "சுவர் தடிப்பு, நாட்பட்ட அழற்சி" என்று எழுதினால், டீ குடித்த ஒரே காரணத்துக்காக ஒருவர் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டி வரும்.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வருபவர்கள் உண்டு. அவர்களிடம் "காலையில் சாப்பிட்டீர்களா" என்று கேட்டுப் பயனில்லை. கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேளுங்கள். விடிகாலை நான்கு மணி என்றால் பத்து மணிக்கு மேல் பார்ப்பது நல்லது. சுகர் உள்ளவர்களைக் காலையில் முதல் ஆளாகக் கூப்பிட்டுவிடுங்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினியாகக் காத்திருக்க விடாதீர்கள். அவசர வலியோடு வருபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, வந்தவுடனே பார்க்க வேண்டியதுதான்.

மூன்று கேள்விகளை ப்ரோபை எடுக்கும் முன்பே கேட்டு முடியுங்கள்: பித்தப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கண்ணோ சிறுநீரோ மஞ்சளாக இருக்கிறதா, காய்ச்சல் குளிர் உண்டா. வயிற்றில் தழும்பு இல்லை என்று நினைத்து முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். லேப்ராஸ்கோப்பி தழும்பு தொப்புள் மடிப்பிலேயே மறைந்துபோகும். எடுத்துவிட்ட பித்தப்பையைத் தேடிக்கொண்டு, குடல் வாயுவைக் "கல் நிறைந்த சுருங்கிய பித்தப்பை" என்று எழுதுவது நடக்கக்கூடிய ஒன்று.

எங்கே எது இருக்கிறது

பித்தப்பை கல்லீரலின் அடிப்பக்கத்தில், வலது மடலுக்கும் இடது மடலின் நான்காம் பகுதிக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீளம் சுமார் 7 முதல் 10 செ.மீ., அகலம் 4 செ.மீ.க்குள், கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. நுனி, உடல், கழுத்து என்று மூன்று பகுதிகள். கழுத்துக்குச் சற்று முன்பு பை புடைத்துக்கொண்டு ஒரு சிறு குழியாக இருக்கும். ஹார்ட்மன் பை என்று பெயர். கற்கள் போய் உட்கார விரும்பும் இடம் அதுதான். கழுத்துக்கு அப்பால் திருகு திருகான ஹெய்ஸ்டர் மடிப்புகளோடு பித்தப்பை நாளம் தொடங்குகிறது.

கல்லீரலுக்குள் இருந்து வரும் வலது, இடது நாளங்கள் கல்லீரல் வாசலில் ஒன்றுசேர்ந்து பொதுக் கல்லீரல் நாளமாகின்றன. பித்தப்பை நாளம் அதில் சேர்ந்தபின் அது பொதுப் பித்தநாளம். ஸ்கேன் அறைப் பேச்சில் சிபிடி. அது டியோடினம் எனப்படும் முன்சிறுகுடலின் முதல் பகுதிக்குப் பின்னால் இறங்கி, கணையத் தலையின் பின்பக்கமாக ஓடி, கணைய நாளத்தோடு சேர்ந்து டியோடினத்தின் இரண்டாம் பகுதியில் வேட்டர் ஆம்புல்லா என்ற இடத்தில் திறக்கிறது. நாளம் டியோடினத்துக்குப் பின்னால் போகிறது என்ற ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். நாளத்தின் கீழ்ப்பாதி நம் கண்ணுக்கு மறைவதற்கு அந்தக் குடலில் இருக்கும் வாயுதான் காரணம்.

பித்தப்பை கண்ணில் படவில்லை என்றால் கல்லீரலுக்குள் ஒரு வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் வலது கிளையிலிருந்து பித்தப்பைக் கழுத்துக்கு நேராக ஓடும் மடல் பிளவு அது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் சுருங்கிய பித்தப்பைகூட அகப்பட்டுவிடும். சிலருக்குப் பித்தப்பை நுனி மடிந்திருக்கும். அது பிறவி அமைப்பு, நோய் இல்லை. ஆனால் மடிந்த நுனிக்குள் கல் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ப்ரோபை வைக்கும் வரிசை

இரண்டு முதல் ஐந்து மெகாஹெர்ட்ஸ் வளைவு ப்ரோப் போதும். ஒல்லியானவர்களுக்கும், பித்தப்பை நுனி தோலுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கும் கடைசியில் ஒருமுறை லீனியர் ப்ரோபால் பார்த்துவிடுங்கள். நுனிச் சுவரில் உள்ள சின்ன மாற்றங்கள் அதில்தான் தெளிவாகும்.

மல்லாந்து படுக்கச் சொல்லி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்; விலா இடைவெளி விரியும். வலது விலா விளிம்புக்குக் கீழே ப்ரோபைச் சாய்த்து வைத்து, "மூச்சை நல்லா இழுத்துப் புடிச்சுக்கங்க" என்று சொல்லுங்கள். கல்லீரல் கீழே இறங்கி பித்தப்பையையும் கொண்டுவந்து தரும். வாயு மறைத்தால் ப்ரோபை விலா எலும்புகளுக்கு இடையில் வைத்துக் கல்லீரல் வழியாகவே பாருங்கள். பருமனானவர்களுக்கு நான் விலா இடைவெளியில்தான் தொடங்குகிறேன். வயிற்றை அழுத்தி அவர்களை வேதனைப்படுத்துவதைவிட அது எளிது.

நீளவாக்கில் நுனி முதல் கழுத்து வரை, பிறகு குறுக்குவாக்கில் மறுபடி நுனி முதல் கழுத்து வரை மெதுவாக ஓட்டுங்கள். சுவரின் தடிமனைக் கல்லீரலை ஒட்டிய முன்சுவரில், ஒலிக்கதிர் நேர்செங்குத்தாக விழும் இடத்தில் அளக்க வேண்டும். பட்டினியில் 3 மி.மீ. வரை இயல்பு. பின்சுவரை அளந்தால், அதை ஒட்டிய குடல் சுவரும் சேர்ந்து தப்புக் கணக்கு வரும்.

அப்புறம்தான் பலர் விட்டுவிடும் வேலை: ஆளைத் திருப்புவது. "இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று சொல்லி மறுபடி முழுவதும் பாருங்கள். இந்தத் திருப்பத்தில் குடல் வாயு விலகும், கழுத்து மேலே வரும், கல் உருளும். இதிலும் திருப்தி இல்லை என்றால் உட்காரவோ நிற்கவோ வைத்துப் பாருங்கள். கூட்டமான காலையில் வெளியே இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது இதற்கெல்லாம் நேரமில்லை என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு நிமிடத்தில் தெரிவது வேறு எதிலும் தெரியாது.

உதாரணத்துக்கு, கோபி பக்கத்திலிருந்து மேல்வயிற்று வலியோடு ஐம்பது வயது அம்மா ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வாய்வுன்னு நெனச்சு இஞ்சி கஷாயம் வெச்சுக் குடிச்சேனுங்க, முதுகு வரைக்கும் புடிக்குது" என்கிறார். மல்லாந்த நிலையில் உடல் பகுதியில் நாலைந்து கற்கள், பின்னால் நிழல். படம் எடுத்தாயிற்று. இடப்பக்கம் திருப்பினால் அந்த நாலைந்தும் உருண்டு நுனிப்பக்கம் போய்விடுகின்றன. கழுத்தில் மட்டும் ஒரு பளிச்சென்ற வளைவு, அதன் பின்னால் ஒரு நிழல். அது நகரவே இல்லை. உட்கார வைத்தாலும் அசையவில்லை. அந்த அம்மாவின் வலிக்குக் காரணம் உருண்டுபோன கற்கள் எதுவும் இல்லை, இந்த ஒன்றுதான். "பித்தப்பையில் பல கற்கள்" என்று எழுதுவதற்கும் "கழுத்தில் நகராமல் சிக்கிய கல்" என்று எழுதுவதற்கும் இடையில், சர்ஜன் எடுக்கும் முடிவே மாறிவிடுகிறது.

கல்லும், கல் போல் தெரிபவையும்

கல்லுக்கு மூன்று அடையாளங்கள்: பளிச்சென்ற எக்கோ (திரும்பி வரும் ஒலி, திரையில் வெள்ளையாகத் தெரியும்), பின்னால் சுத்தமான கரு நிழல், இடம் மாறுதல். மூன்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு மூன்று மி.மீ. அளவிலான கல்லுக்கு நிழல் விழாமல் போகலாம். அப்போது ஃபோகஸைக் கல்லின் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள், அதிர்வெண்ணைக் கூட்டுங்கள், படத்தைத் தெளிவாக்கும் ஹார்மானிக்ஸ் போடுங்கள், கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) குறையுங்கள். கெயின் அதிகமாக இருந்தால் நிழலே நிரம்பி மறைந்துவிடும்.

பித்தப்பை முழுக்கக் கல் நிரம்பிச் சுருங்கியிருந்தால் உள்ளே கரும் பித்தமே தெரியாது. முதலில் சுவரின் கோடு, அடுத்து கல்லின் பளிச்சென்ற கோடு, அதற்குப் பின் அடர்ந்த நிழல் என்று வரிசையாக வரும். குடல் வாயுவிலும் பளிச்சென்ற கோடும் நிழலும் வரும். ஆனால் அந்த நிழல் கலங்கலாக இருக்கும், குடல் அசைவில் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும், முன்னால் தனியாகச் சுவர்க் கோடு இருக்காது. கல்லாகப் படாமல் சுவரே சுண்ணாம்பு படிந்து பளபளத்தால் அது பீங்கான் பித்தப்பை. அதைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

கழுத்தின் மடிப்பு ஓரத்தில் ஒலிக்கதிர் வளைந்து நிழல் விழும், கல் இருக்காது. இரண்டு கோணத்தில் பார்த்தால் இந்தப் பொய் நிழல் காணாமல் போகும்.

சேறு போல் அடியில் படியும் கெட்டிப் பித்தத்தை ஸ்லட்ஜ் என்கிறோம். நிழல் இருக்காது, ஆளைத் திருப்பினால் மெதுவாக வழிந்து ஓடும். ஐசியுவில் நாள்கணக்கில் வாய்வழி உணவில்லாமல் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், வேகமாக எடை குறைந்தவர்களிடம் சகஜம். காய்ச்சலுக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சில நாளிலேயே கல் போன்ற படிவு வந்து நிற்கும். ஊசியை நிறுத்தினால் சில வாரங்களில் தானே கரைந்துபோகும். குழந்தைக்குக் கல் என்று எழுதும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் அதிகம், தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் அதிகம். கல் என்ன வகை என்பதை ஸ்கேனில் நம்பகமாகச் சொல்ல முடியாது. அதனால் "மாத்திரையில் கரையுமா?" என்று கேட்பவர்களுக்கு ஸ்கேனை வைத்து நம்பிக்கை கொடுக்காதீர்கள். கரைக்கும் மாத்திரை கொலஸ்ட்ரால் கல்லில்தான் வேலை செய்யும், அதிலும் எல்லோருக்கும் இல்லை. வலியே இல்லாமல் தற்செயலாகக் கல் தெரிந்தவர்களில் பெரும்பாலானோருக்கு உடனே ஆபரேஷன் தேவைப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுவர் தடித்திருந்தால் ஆளைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் டெங்கு வார்டிலிருந்து வரும் ஸ்கேன்களில் சுவர் தடிப்பு நிறையத் தெரியும். சுவர் அடுக்கடுக்காக வீங்கியிருக்கும், கூடவே வயிற்றிலும் வலது நெஞ்சுக்கூட்டிலும் நீர். இது ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதன் விளைவு. பித்தப்பையைத் தொட வேண்டியதே இல்லை. வைரஸ் மஞ்சள்காமாலையில் சுவர் மிகவும் தடித்து உள்ளே இடமே இல்லாமல் பை சுருங்கிக் கிடக்கும். கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தில் அல்புமின் குறைவு ஆகியவற்றிலும் சுவர் வீங்கும். கல் இல்லாமல், விரிவு இல்லாமல், அழுத்தும்போது வலியும் இல்லாமல் சுவர் மட்டும் தடித்திருந்தால், காரணம் பெரும்பாலும் பித்தப்பைக்கு வெளியே இருக்கும்.

உண்மையான அழற்சி

கழுத்தில் சிக்கிய கல், 4 செ.மீ.க்கு மேல் விரிந்த பை, 3 மி.மீ.க்கு மேல் சுவர், சுற்றிலும் நீர், ப்ரோபால் பித்தப்பைக்கு நேர் மேலே அழுத்தினால் மட்டும் கூடும் வலி: இவை சேர்ந்து வந்தால் கடும் அழற்சி. கடைசியாகச் சொன்னது மர்ஃபி குறி. ஜான் மர்ஃபி என்ற சிகாகோ சர்ஜன் கையால் பார்த்ததை நாம் ப்ரோபால் பார்க்கிறோம். கையைவிட இது துல்லியம், ஏனென்றால் எதன் மேல் அழுத்துகிறோம் என்று திரையில் தெரிகிறது. மற்ற இடங்களிலும் அதே அளவு அழுத்தி, எங்கே அதிகம் வலிக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

வலி ஊசி போட்டு வந்தவருக்கு இந்தக் குறி வராமல் போகலாம். பல வருஷம் சுகர் உள்ளவருக்கும், சுவர் அழுகத் தொடங்கியவருக்கும் வராமல் போகலாம். அதாவது நோய் முற்றும்போது வலிக்குறி மறையலாம். எழுபது வயது சர்க்கரை நோயாளிக்கு வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன் உள்ளே பாருங்கள்: சுவரிலிருந்து உரிந்த சவ்வு மிதக்கிறதா, சுவரில் ஓட்டை தெரிகிறதா, ஓரத்தில் நீர்க்கட்டு இருக்கிறதா. சுவருக்குள்ளோ பைக்குள்ளோ பளிச்சென்று வாயு தெரிந்து பின்னால் கலங்கல் நிழல் விழுந்தால், வாயு உண்டாக்கும் கிருமித் தொற்று. அது சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம். அவசர ஆபரேஷன் வரை போகும். குடல் வாயு என்று நினைத்துக் கடந்து போவது இங்கே மிக ஆபத்து.

கழுத்தில் சிக்கிய கல் பக்கத்தில் ஓடும் பொதுக் கல்லீரல் நாளத்தை வெளியிலிருந்து அழுத்திக் காமாலையை உண்டாக்குவதும் உண்டு. மிரிஸி நோய்க்குறி என்பார்கள். கழுத்தில் கல்லும், அதற்கு மேலே விரிந்த நாளமும், அதற்குக் கீழே இயல்பான நாளமும் தெரியும். ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனுக்கு இது தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கத்தி வைத்தால் நாளமே வெட்டுப்படக்கூடும்.

சுவரில் ஒட்டியிருப்பவை

திருப்பினாலும் நகராது, நிழலும் இல்லை, சுவரோடு ஒட்டி நிற்கிறது என்றால் பாலிப். பெரும்பாலானவை கொலஸ்ட்ரால் படிவுகள், ஒன்றும் செய்யாது. அளவுதான் முடிவு. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பித்தப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். 6 முதல் 9 மி.மீ. வரை இருந்தால் வயது, பாலிப்பின் அடி அகலமா குறுகலா என்பதையெல்லாம் பார்த்து முடிவு. 2022-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் ஆசிய வம்சாவளியையே ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, வேறு ஆபத்துக் காரணி இல்லை என்றால் பயமுறுத்தாமல் எழுதுங்கள்.

சுவருக்குள்ளிருந்து வால்நட்சத்திர வால் போல் குறுகி மறையும் எக்கோக்கள் தெரிந்தால் அடினோமயோமாடோசிஸ், அதாவது சுவரின் திசு பெருத்துத் தடிப்பது. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் அந்த இடம் மினுமினுக்கும். புற்றுநோய் இல்லை, தைரியமாக எழுதலாம்.

புற்றுநோயைப் பற்றி நம் ஊர் டாக்டர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பித்தப்பைப் புற்று தென்னிந்தியாவில் குறைவு, கங்கைச் சமவெளியில் மிக அதிகம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை ஃபவுண்டரிகளிலும் பீகார், உத்தரப்பிரதேசம், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். நம் மக்களைப் பார்த்துப் பழகிய கண், கல்லோடு ஒழுங்கில்லாமல் தடித்த சுவரை "நாட்பட்ட அழற்சி" என்று எழுதிவிட்டுப் போகும். கங்கைக் கரை மாவட்டத்திலிருந்து வந்த நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அதே படம் தெரிந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்திருக்கிறதா, அதற்குள் ரத்த ஓட்டம் இருக்கிறதா, கல்லீரலுக்கும் பைக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு அழிந்திருக்கிறதா, கல்லீரல் வாசலில் நெறிக்கட்டி இருக்கிறதா. எந்த ஊர், எத்தனை வருஷமாக இங்கே என்று கேட்பதும் இந்தப் பரிசோதனையின் ஒரு பகுதிதான். பாஷை தெரியாவிட்டால் கூட வந்தவரை உள்ளே கூப்பிடுங்கள்.

கட்டியா, கெட்டியான ஸ்லட்ஜா என்று குழம்பினால், திருப்பிப் பாருங்கள், டாப்ளர் போடுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் சிடி அல்லது எம்ஆர்ஐ எழுதுங்கள். சந்தேகம் லேசானது என்றால் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். "தேவைப்பட்டால்" என்று மொட்டையாக எழுதாமல் எப்போது என்று எழுதுங்கள்.

பித்தநாளம்: அடைப்பு எங்கே?

இடப்பக்கம் ஒருக்களித்த நிலையில், வலது விலா விளிம்பிலிருந்து ப்ரோபை வலது தோளை நோக்கிச் சாய்த்தால் போர்ட்டல் சிரை நீளமாக வரும். அதற்கு முன்னால் ஒட்டி ஓடும் மெல்லிய குழாய்தான் நாளம். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியாக வலது கல்லீரல் தமனி தெரியும். சிலருக்கு அது நாளத்துக்கு முன்னால் போகும். எது நாளம், எது தமனி என்று குழப்பம் வந்தால் டாப்ளரில் வேக அளவைக் குறைத்து வையுங்கள். நாளத்தில் நிறம் ஏறாது. குறுக்குவாக்கில் போர்ட்டல் சிரை பெரிய வட்டமாகவும், மேலே இரண்டு சின்ன வட்டங்களாக வலப்பக்கம் நாளமும் இடப்பக்கம் தமனியும் தெரியும். இதை மிக்கி மவுஸ் குறி என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.

உள்சுவரிலிருந்து உள்சுவருக்கு அளக்க வேண்டும். 6 மி.மீ. வரை இயல்பு. அறுபதைத் தாண்டினால் பத்து வருஷத்துக்கு ஒரு மி.மீ. கூட்டிக்கொள்ளலாம். பித்தப்பை எடுத்தவர்களுக்கு 10 மி.மீ. வரை இருக்கலாம். கல்லீரலுக்குள் ஓடும் நாளங்கள் 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. போர்ட்டல் கிளையோடு இணையாக இரட்டைக் குழாயாகத் தெரிந்தால் விரிந்திருக்கிறது என்று பொருள். அளவு மட்டும் போதாது. அடைப்பு தொடங்கிய முதல் நாளில் நாளம் விரியாமல் இருக்கலாம். கல் கீழே போய்விட்ட பிறகும் விரிவு சில நாள் நிற்கும். பிலிருபின், ஆல்கலைன் பாஸ்படேஸ் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி எங்கே என்பது. கீழ்பவானி வாய்க்காலில் எங்காவது அடைத்தால் அதற்கு மேலே தண்ணீர் தேங்கும், கீழே கடைமடை காயும். பித்தநாளத்துக்கும் கணக்கு அதேதான். கல்லீரலுக்குள் மட்டும் நாளங்கள் விரிந்து, வலதும் இடதும் ஒன்றுசேராமல் நின்று, சிபிடியும் பித்தப்பையும் சிறுத்திருந்தால் அடைப்பு கல்லீரல் வாசலில். அங்கே வரும் நாளப் புற்றை முதலில் நினைக்க வேண்டும். எல்லாமே விரிந்து பித்தப்பையும் புடைத்திருந்தால் அடைப்பு கீழ்முனையில். கணைய நாளமும் சேர்ந்து விரிந்திருந்தால் கணையத் தலையையும் ஆம்புல்லாவையும் சல்லடை போட்டுத் தேடுங்கள். வலியே இல்லாமல் காமாலை, கையில் தட்டுப்படும் புடைத்த பித்தப்பை என்றால் கல்லைவிடக் கட்டிக்கே வாய்ப்பு அதிகம் என்பது கூர்வாசியே என்ற சுவிஸ் சர்ஜன் 1890-ல் சொன்னது. இன்றைக்கும் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

கீழ்முனையைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மேல்வயிற்றில் குறுக்காக ப்ரோபை வைத்துக் கணையத் தலையைப் பிடியுங்கள். அதன் வலது ஓரத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும்: முன்னால் இருப்பது இரைப்பை-டியோடினத் தமனி, பின்னால் இருப்பது சிபிடி. அந்தப் பின்புள்ளியை விடாமல் கீழே தொடருங்கள். வாயு மறைத்தால் ப்ரோபால் மெதுவாக, நீடித்து அழுத்துங்கள், வாயு நகரும். அப்படியும் வரவில்லையா, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லி, வலப்பக்கம் ஒருக்களிக்க வையுங்கள். தண்ணீர் இரைப்பையின் கடைப்பகுதியிலும் டியோடினத்திலும் நிரம்பும். வாயு இருந்த இடத்தில் ஒலி ஊடுருவும் ஜன்னல் கிடைக்கும். பிறகு பாதி உட்கார்ந்த நிலையில் இன்னொரு முறை. ஐந்து நிமிடம் ஆகும். கீழ்முனைக் கல்லில் பலவும் நாளத்தின் விட்டத்தையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பித்தம் இருக்காது, நிழலும் லேசாகத்தான் விழும். அதனால் பித்தப்பைக் கல் போலப் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் தெரியவில்லை என்றால் "கீழ்ப்பகுதி வாயுவால் மறைந்துள்ளது, பார்க்க முடியவில்லை" என்று வெளிப்படையாக எழுதி, எம்ஆர்சிபி (பித்தநாளத்துக்கான எம்ஆர்ஐ) அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டைப் பரிந்துரையுங்கள். "சிபிடி நார்மல்" என்று எழுதிவிட்டால், அடுத்து பார்ப்பவர் கீழ்முனையையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்.

நாளத்துக்குள் இரண்டு இணைகோடுகள் நெளிந்தால் குடற்புழு. மேல்பக்கமாக மிதக்கும் பளிச்சென்ற வாயு தெரிந்தால் முன்பு ஈஆர்சிபி (வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு நாளத்தைத் திறக்கும் சிகிச்சை) செய்தாரா, ஸ்டென்ட் வைத்தாரா என்று கேளுங்கள். அதைக் கல் என்று எழுதுவது சுலபமாக நேரும். காரணமே இல்லாமல் நாளம் பலூன் போல விரிந்திருக்கும் சிறுமி என்றால் பிறவி நாளக்கட்டி. 1977-ல் ஜப்பானிய சர்ஜன் டொடானி செய்த வகைப்பாட்டைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம்.

காமாலை என்றதும் முதலில் கீழாநெல்லியும் நாட்டு மருந்தும் கொடுப்பது நம் கிராமங்களில் வழக்கம். வைரஸ் காமாலை பல பேருக்குத் தானே இறங்கிவிடுவதால் அந்த நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. அடைப்புக் காமாலை அப்படி இறங்காது. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப்போவது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போவது ஆகிய மூன்றும் இருந்தால், மருந்து யாரிடம் சாப்பிட்டாலும் சரி, அந்த வாரமே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களைக் கோபித்துக்கொள்ளாமல் சொன்னால் கேட்பார்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி

பிறந்து இரண்டு வாரத்துக்கு மேலும் காமாலை இருந்து, மலம் வெளுத்துப்போகும் குழந்தையை உடனே பாருங்கள். நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் இருந்தும் பித்தப்பை காணவில்லை அல்லது ஒழுங்கில்லாமல் மிகச் சிறிதாக இருக்கிறது, போர்ட்டல் சிரைக்கு முன்னால் 4 மி.மீ.க்கு மேல் தடித்த வெள்ளைப் பட்டை தெரிகிறது என்றால் பித்தநாளம் உருவாகாத நிலையைச் சந்தேகிக்க வேண்டும். குடலைக் கல்லீரல் வாசலோடு இணைக்கும் கசாய் ஆபரேஷன் பிறந்த அறுபது நாளுக்குள் நடந்தால் பலன் நன்றாக இருக்கும். இந்தக் குழந்தைக்கு "பதினைந்து நாள் கழித்து மறுபடி வாங்க" என்று சொல்லவே கூடாது.

கர்ப்பிணிக்கு வயிற்றில் எங்கே ஸ்கேன் செய்தாலும் கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேடு முழுமையாக இருக்க வேண்டும். பித்தப்பையைத்தானே பார்த்தோம் என்று விட்டுவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டும் போனும்

ரிப்போர்ட்டில் பட்டினி எத்தனை மணி நேரம் என்று முதலில் எழுதுங்கள். கல் ஒன்றா பலவா, பெரியதன் அளவு, நகர்கிறதா, கழுத்தில் இருக்கிறதா; சுவர் தடிமன்; மர்ஃபி குறி, வலி ஊசி போட்டிருந்தால் அதுவும்; சிபிடி எந்த இடத்தில் எத்தனை மி.மீ., எது வரை பார்க்க முடிந்தது, கல்லீரல் உள்நாளங்கள், கணையத் தலை. நாலு வரியில் முடியும்.

சிலருக்கு ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்க நேரமிருக்காது. காய்ச்சலும் நடுக்கமும், காமாலை, மேல்வயிற்று வலி மூன்றும் சேர்ந்து நாளமும் விரிந்திருந்தால், அடைத்த நாளத்துக்குள் சீழ்த் தொற்று. பிரெஞ்சு டாக்டர் ஷார்க்கோ 1877-ல் சொன்ன இந்த மூன்றோடு ரத்த அழுத்தம் இறங்குவதும் மயக்கமும் சேர்ந்தால், அடைப்பை ஈஆர்சிபி மூலமாகவோ தோல் வழியாகவோ திறந்து விடுவதற்கு மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. சுவரில் வாயு, சுவரில் ஓட்டை, சுகர் உள்ள முதியவருக்கு அழுகிய சுவர் ஆகியவையும் அதே ரகம். அனுப்பிய டாக்டருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் ஈஆர்சிபி வசதியுள்ள பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ யாரிடம் போக வேண்டும் என்று குடும்பத்தாரிடம் பெயர், இடத்தோடு எழுதிக் கொடுத்து, எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் ரிப்போர்ட்டின் அடியில் எழுதிவிடுங்கள்.